ஸ்வீடிஷ்ல இருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்க்க ஆள் எங்க பிடிக்கிறது?

கட்டிங்டேபிள்: வணக்கம் மக்களே. ஒரு டாக்குமெண்டரி எடிட் முடிஞ்சு கெடக்கு, பேட்டி பூரா ஸ்வீடிஷ், இப்ப ஜெர்மன் சேனல் ஒண்ணு கேக்குறாங்க. இங்கிலீஷ் சப்டைட்டில் ரெடியா இருக்கே அதை வச்சே ஜெர்மன் பண்ணிடலாம், அதுக்குன்னா ஆள் ஈசியா கெடைப்பாங்கன்னு ப்ரொடியூசர் சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல. நேரடியா பண்றவங்க எங்க கெடைப்பாங்க? எனக்கு ரெண்டு மொழியும் தெரியாது, வேலை நல்லாருக்கான்னு எப்படி பாக்குறது?

ஒலிநாடா: மொதல்ல சப்டைட்டிலா வாய்ஸ் ஓவரான்னு சேனல்ல கேளுங்க ப்ரோ. ஸ்வீடன்ல வெளிநாட்டுப் படம்னா சப்டைட்டில் போட்டுப் பாப்பாங்க, ஜெர்மனி அப்படியே தலைகீழ், டப்பிங் நாடு, டாக்குமெண்டரி பேட்டின்னா அசல் குரல் அடில லேசா ஓட, மேல ஜெர்மன் குரல் வைக்கிறதுதான் அதிகம். ரெண்டும் வேற வேற வேலை. சப்டைட்டில்ல எழுத்து எண்ணி சுருக்கணும், நெட்ஃப்ளிக்ஸ்லயே ஜெர்மனுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்துதான். வாய்ஸ் ஓவர்னா வாய்க்கு வர்ற மாதிரி எழுதணும். ஆளுக்கு, ஜெர்மனில பிடியூன்னு மொழிபெயர்ப்பாளர் சங்கம் இருக்கு, அதோட சைட்ல மொழி, துறை போட்டுத் தேடலாம், படம் மொழிபெயர்க்கிறவங்களுக்குன்னே ஏவியூன்னு தனி சங்கம் இருக்கு. ஸ்வீடன் பக்கம் மொழிபெயர்ப்பாளர் சங்கம்னா எஸ்எஃப்ஓ. ஜெர்மன் தாய்மொழியா இருக்கணும், அதுல விட்டுக்கொடுக்காதீங்க.

நடுராத்திரி_எடிட்டர்: அண்ணன் சொன்னது சரி. இன்னொண்ணு, ஸ்வீடன்ல காமர்கொலேகியட்னு அரசு அமைப்பு மொழிபெயர்ப்பாளர்களுக்கு பரீட்சை வச்சு ஆத்தரைஸ் பண்ணுது, அதைப் பாத்து மயங்காதீங்க, அது கோர்ட் பேப்பர், ஒப்பந்தம் மாதிரி வேலைக்குத்தான் பெருசா உதவும், பேட்டில ஒருத்தர் திக்கித் திணறி பேசுறத எழுதுற கை வேற. அப்புறம் இங்கிலீஷ் வழியா போகவே போகாதீங்க. ஸ்வீடன்ல 1960கள் கடைசில இருந்தே கெழவர், டாக்டர், மந்திரி எல்லாரையும் ஒருமையிலதான் கூப்பிடுவாங்க, ஜெர்மன்ல நம்மள மாதிரியே நீ, நீங்க தனித்தனி, யாரு யாரை எப்படி கூப்பிடணும்னு ஒவ்வொரு சீன்லயும் முடிவு பண்ணணும். அசல் பேச்சைக் கேட்டுப் புரிஞ்சுக்காம இங்கிலீஷ் சப்டைட்டில மட்டும் பாக்குறவருக்கு அந்த ரெண்டு பேர் நெருக்கமா இல்லையான்னே தெரியாது, குத்துமதிப்பா போடுவார்.

கட்டிங்டேபிள்: ஐயோ, எங்க படத்துல ஒரு பொண்ணு பழைய வாத்தியாரைப் பேட்டி எடுக்குதே! சரி, தரத்தை எப்படி செக் பண்றது?

ஒலிநாடா: அந்த வாத்தியார் சீனையே டெஸ்ட்டா குடுங்க, காசு குடுத்து, ஓசில கேக்காதீங்க. ரெண்டு பேர்கிட்ட வாங்கி, படத்தைப் பாக்காத ஜெர்மன்காரர் ஒருத்தரை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, எங்க தடுமாறுறாரோ அங்க பிரச்சினை. ஸ்வீடிஷ் டிரான்ஸ்கிரிப்ட் டைம்கோடோட, அதாவது எந்தப் பேச்சு படத்துல எந்த நேரத்துல வருதுன்னு குறிச்சு குடுத்துடுங்க, தெற்கு ஸ்வீடன்ல ஸ்கோனே பக்கத்து ஆளுங்களோட வட்டாரப் பேச்சு இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

கட்டிங்டேபிள்: சேனல்ல கேட்டேன், வாய்ஸ் ஓவர்தானாம். ஏவியூல ரெண்டு பேருக்கு மெயில் போட்டாச்சு, ப்ரொடியூசர்தான் இன்னும் மூஞ்ச தூக்கி வச்சிருக்காரு.