தாத்தா சொன்ன குவாய் பாலம்: முதல் நாள் வெடிக்கவில்லையா?

கினிகத்தேனைப் பேரன்:
எங்கள் தாத்தா இளவட்டத்தில் இலங்கை மலையகத்துத் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு கித்துல்கலைக்கு இறங்கிப் போய், 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்துக்கு மரம் தூக்கினாராம். களனி ஆற்றுக்குக் குறுக்கே நிஜப் பாலமே கட்டினார்கள், யானை மரம் இழுத்தது, அதெல்லாம் சரி. ஆனால் சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மொத நாள் பாலம் ஒடையல, ரயில்தான் ஒடைஞ்சிச்சு." படத்தில் பாலம் வெடித்து ரயில் ஆற்றில் விழுகிறதே! தவறணையில் (கள்ளுக்கடையில்) கேட்ட கதை என்று மாமா கேலி செய்வார். அவர் அங்கே வேலை செய்தாரா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஹட்டன்வாசி:
மாமாவை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். 1957 மார்ச் 10, பிரதமர் பண்டாரநாயக்கவே பார்க்க வந்திருந்தார். வெடி வைப்பதற்குமுன் கேமராக்காரர்கள் எல்லோரும் கேமராவை ஓடவிட்டுப் பதுங்க வேண்டும். ஒருவர் இன்னும் விலகவில்லை என்றதும் இயக்குநர் டேவிட் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயிலை யார் நிறுத்துவது? அது பாலத்தைக் கடந்துபோய் அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதி நொறுங்கியது. சரிசெய்து மறுநாள் காலையில்தான் வெடித்தார்கள்.

பழைய புரொஜெக்டர்:
படத்தில் பேர் தேடிப் பயனில்லை தம்பி. அந்தக் காலத்தில் முக்கியமான சிலர் பேரைத்தான் போடுவார்கள், மரம் தூக்கியவன் பேரையா போடப் போகிறார்கள்? பிரிட்டனில் சினிமா, டிவித் தொழிற்சங்கக்காரர்கள் 1980களில் தங்கள் பழைய ஆட்களிடம் பேட்டி எடுத்து டேப்பில் வைக்க ஆரம்பித்தார்கள், கேமரா, எடிட்டிங், ஒலிப்பதிவு என்று இன்றைக்கு 700 பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. அதுபோல நம் தோட்ட லயத்துக் கிழவர்களிடம் எவன் போய்க் கேட்டான்? உங்கள் தாத்தாவோடு போனவர் யாராவது உயிரோடு இருந்தால், இந்த ஞாயிறே போனை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள், தீபாவளி வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

சந்தேகப்பிராணி:
கோபிக்க வேண்டாம், அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டுத் தாத்தாவும் அந்தப் பாலத்தைக் கட்டியவர்தான். ரயில் மோதியதை வேடிக்கை பார்க்கப் போனவரும் சொல்லலாமே. வேலை செய்தவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஏதாவது சொன்னாரா?

கினிகத்தேனைப் பேரன்:
சொன்னார், இப்போதுதான் எனக்கே உறைக்கிறது. ஒருநாள் ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சத்தில் வடம் பிடித்து 'இஞ்சினை நிமித்துனோம்' என்பார், விடிய விடிய நின்றதற்கு ஒன்றரைப் பேர், அதாவது ஒன்றரை நாள் சம்பளம், போட்டார்களாம். "படத்துல பேர் இல்லாட்டி என்னடா, செக்ரோல்ல ஒன்ற இருக்கு" என்று சம்பளப் பதிவேட்டைச் சொல்லிச் சிரிப்பார். அது எந்த ராத்திரி என்று நாங்கள் ஒருவரும் கேட்டதே இல்லை.

இந்தத் திரியை மாமாவுக்கு அனுப்பிவிட்டேன். நீலக் குறி விழுந்து ஒரு மணி நேரமாகிறது, சத்தத்தைக் காணோம்.