பன்றியில் கண்ட எம்சிஆர்-1: ஏன் இவ்வளவு பதற்றம்?

கால்நடை மாணவன்:
கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு பாக்டீரியாவிடம் எதிர்ப்பு முன்பே இருந்ததுதானே, அப்புறம் 2015-ல் சீனப் பன்றிகளில் அந்த எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 மரபணு கிடைத்ததும் ஏன் எல்லோரும் அலறினார்கள்?

லேப்வாசி:
முன்பு தெரிந்ததெல்லாம் குரோமோசோமில் வரும் பிறழ்வு, அது வாரிசு செல்களுக்குத்தான் போகும். எம்சிஆர்-1 இருப்பது பிளாஸ்மிடில், அதாவது தனி டிஎன்ஏ வளையத்தில், ஈ.கோலை பாக்டீரியா அதை அப்படியே பக்கத்திலிருக்கும் கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குக் கைமாற்றிவிடும், வேறு இனம் என்றெல்லாம் பார்க்காது. நேர்மின்னேற்றம் கொண்ட கோலிஸ்டின், பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும் லிப்பிட் ஏ என்ற கொழுப்பு மூலக்கூறில் போய் ஒட்டும். இந்த மரபணு தரும் நொதி அங்கே பாஸ்போஎத்தனாலமைன் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்து அந்த எதிர்மின்னேற்றத்தைக் குறைக்கிறது. மருந்துக்குப் பிடிமானம் போச்சு.

தீவனக்கடை:
ஐசியூவில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்தை, எடை கூடட்டும் என்று தீவனத்தில் கலந்தால் வேறென்ன நடக்கும்? சீனா 2017-ல் அதை நிறுத்தியது, இந்தியா 2019-ல் உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி எல்லாவற்றுக்கும் தடை போட்டது.

கால்நடை மாணவன்:
சரி, தடை போட்டால் மரபணு காணாமல் போய்விடுமா?

லேப்வாசி:
குறையும். சீனப் பன்றிகளில் தெளிவாகவே குறைந்தது, ஏனென்றால் அதைச் சுமப்பது பாக்டீரியாவுக்கே பாரம். ஆனால் அதே பிளாஸ்மிடில் வேறொரு மருந்துக்கான எதிர்ப்பு மரபணுவும் இருந்தால், பண்ணையில் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டிருக்கும்வரை இதுவும் கூடவே தங்கிவிடும்.