முலுண்ட் – செம்பூர் சொந்தங்கள்: கார்த்தியின் கார் விளக்கு

வியாழன், இரவு 9.12

கார்த்தி: மாமா, மறுபடியும் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் 4,800 ரூபாய் கொடுத்து முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் மாற்றினேன். இப்போது பின்பக்கச் சென்சாரையும் மாற்ற வேண்டும் என்கிறார் கேரேஜ்காரர்.

விஜி அத்தை: ஐயோ, சனிக்கிழமை நாசிக் போக வேண்டுமே! அறுபதாம் கல்யாணத்துச் சீர் சாமான் எல்லாம் உன் வண்டியில்தான் ஏற்றலாம் என்று இருந்தோம்.

ராஜு மாமா: பதறாதே விஜி. கார்த்தி, ஸ்கேனரில் என்ன கோடு, அதாவது கோளாறு எண், வந்தது?

கார்த்தி: பி0171. போன தடவையும் இதேதான்.

ராஜு மாமா: அது சென்சார் கெட்டுப்போனதைச் சொல்லும் கோடே இல்லையடா. கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். சென்சாரின் ஹீட்டர் போனால் பி0135 வரும். மந்தமாகிவிட்டால் பி0133 வரும். சாம்பாரில் உப்பு இல்லை என்று நாக்கு சொன்னால் உப்புப் போடுவோமா, நாக்கைப் பழிப்போமா?

செல்வி அக்கா: பெட்ரோல் வண்டியைக் கேஸிலும் ஓட்டுவதற்கு சிஎன்ஜி கிட் போட்ட பிறகுதான் மாமா இது ஆரம்பித்தது. அதற்கு முன் ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

கார்த்தி: கிட் போட்டது மார்ச்சில். ஜூனில், மைலேஜ் கூடட்டும் என்று டியூனிங்கை மாற்றச் சொன்னேன். எவ்வளவு கேஸ் விடவேண்டும் என்று கிட்டில் இருக்கும் அட்டவணை, அந்த மேப்பில் கேஸைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்கள்.

ராஜு மாமா: அங்கேதான் இருக்கிறது விஷயம். பெட்ரோல் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று உன் காரின் ஈசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், கணக்குப் போடும். கிட்டின் பெட்டி அந்தக் கணக்கை வாங்கி, தன் மேப்பில் இருக்கும் எண்ணால் பெருக்கி, கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கும். எண்ணைக் குறைத்தால் கேஸ் குறையும், சரி. ஆனால் புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் சென்சார், மிச்சமான ஆக்ஸிஜனைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறதே! ஈசியு உடனே நேரத்தைக் கூட்டும். டியூனிங்கில் நீ குறைத்ததை அது திருப்பிப் போட்டுவிடும். அந்தக் கூட்டல் கழித்தலுக்குத்தான் ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். மைலேஜும் வராது. கூட்டிக் கூட்டி 25 சதவீதம் பக்கம் போனால், பெரும்பாலான கார்களில் விளக்கு எரிந்துவிடும்.

விஜி அத்தை: காலையில் வண்டி எடுக்கும்போது பெட்ரோல் வாசம் அடிக்கிறதே, அதுவும் இதனாலா?

ராஜு மாமா: இதனால்தான் இருக்கும். வண்டி பெட்ரோலில்தானே கிளம்புகிறது? கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். கேஸுக்காகப் பழகிக்கொண்ட அதிகப்படியை ஈசியு பெட்ரோலிலும் ஊற்றுகிறது.

கார்த்தி: ஒரு எமுலேட்டர் போட்டால் விளக்கே எரியாது, 1,200 ரூபாய்தான் என்கிறார்கள் மாமா.

ராஜு மாமா: வேண்டவே வேண்டாம். அது ஈசியுவுக்குப் பொய் வோல்டேஜ் காட்டும் பெட்டி. விளக்கு அணையும், கலவை மெலிந்தபடியேதான் இருக்கும். அதோடு நாசிக் வழியில் கசாரா மலையேற்றத்தில் மிதித்தாயானால் சூடு ஏறி, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் சீட்டும் அடிவாங்கும். கலவை சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத கேஸ் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பொசுக்கிவிடும். புகை சுத்தமாக வரவேண்டும் என்றுதான் 1976-லேயே பாஷ் இந்தச் சென்சாரைச் செய்து வால்வோ காரில் வைத்தது. அதன் வாயை அடைக்கச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதே.

கார்த்தி: அப்படியானால் நாசிக்குக்கு என்ன செய்வது?

ராஜு மாமா: பெட்ரோலிலேயே போ. கேஸ் சுவிட்சைத் தொடாதே. ஈசியு சொல்வதைப் போனில் காட்டும் என் புளூடூத் ஓபிடி கருவியை எடுத்துக்கொள், ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகலாம். வழியெல்லாம் நீண்டகால ட்ரிம், அதாவது ஈசியு பழகி வைத்திருக்கும் கூட்டல் கழித்தல், எத்தனை சதவீதம் என்று செல்வி குறித்துக்கொள்ளட்டும். ஓட்டும்போது நீ போனைப் பார்க்காதே.

சனி, பிற்பகல் 1.40

செல்வி அக்கா: இகத்புரி தாண்டிவிட்டோம் மாமா. கிளம்பும்போது +21. ஷகாபூரில் +13. இப்போது +4. முன்பக்கச் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது.

ராஜு மாமா: அப்படி ஆடினால் அது நன்றாக வேலை செய்கிறது. எங்காவது காற்று ஒழுகினாலோ, எக்ஸாஸ்ட் கேஸ்கெட் விட்டிருந்தாலோ பெட்ரோலிலும் இந்த எண் இறங்கியிருக்காது. கோளாறு கேஸ் பக்கம்தான். பின்பக்கச் சென்சாரின் முக்கிய வேலை கன்வர்ட்டரைக் கண்காணிப்பது. இந்தக் கோடுக்காக அதை மாற்ற வேண்டியதில்லை.

விஜி அத்தை: நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். தாம்பாளம் மேல் எதையும் வைக்காதே செல்வி.

புதன், இரவு 8.05

கார்த்தி: மாமா, நீங்கள் சொன்ன சயான் கேரேஜுக்குப் போனேன். கேஸ் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் நிரப்பும் பம்ப்பில் இருக்கும் கம்ப்ரஸரிலிருந்து கேஸோடு வருமாம். ஃபில்டர் மாற்றி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஹைவேயில் ஓட்டியபடியே மேப்பைச் சரிசெய்தார். பெட்ரோலில் ஓடினாலும் கேஸில் ஓடினாலும் இன்ஜெக்டர் நேரம் ஒன்றாக வரும்வரை விடவில்லை. இப்போது கேஸில் ட்ரிம் +2. விளக்கு இல்லை.

ராஜு மாமா: அதுதான் டியூனிங். மூன்று வாரத்துக்கு முன் கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கினாயா?

கார்த்தி: டிக்கியில் இருக்கிறது. முனை லேசான பழுப்பாக இருக்கிறது.

ராஜு மாமா: கரி படிந்தால் கறுப்பாகும், சிலிக்கான் பசை ஆவி பட்டால் வெள்ளையாகும். பழுப்பு நல்ல நிறம்தான். துணியில் சுற்றி வை, கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் செராமிக் உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை செட்டா நகர் முருகன் கோயிலுக்கு வரும்போது கொண்டு வா, சோதித்துப் பார்க்கலாம்.