பரு அடங்கிய பிறகும் வடியாத முகவீக்கம்

கேள்வி:
என் தம்பிக்கு வயது 22. நான்கு ஆண்டுகளாக இருந்த முகப்பரு இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் புருவங்களுக்கு நடுவிலும் மூக்கின் மேற்பகுதியிலும் கன்னங்களிலும் சிவந்த வீக்கம் ஏழு மாதங்களாக வடியாமல் நிற்கிறது. வலியோ அரிப்போ இல்லை. விரலால் அழுத்தினால் குழி விழுவதில்லை. காலையில் இமைகள் தடித்து மூக்குக்கண்ணாடி நெருக்கிப் பிடிக்கிறது, மாலையில் சற்றே தளர்கிறது. தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளில் குறையில்லை. ஒவ்வாமை மாத்திரைகளால் பயனில்லை. பருவினால் இப்படியும் ஆகுமா?

பதில் (தோல் மருத்துவர்):
அரிதாக ஆகும். பருவின் அழற்சி நீண்டகாலம் நீடிக்கும்போது தோலின் நிணநீர் நாளங்கள் பழுதுபட்டு, வாய்க்கால் தூர்ந்த வயலில் நீர் தேங்குவதைப் போல நிணநீர் தேங்கி, நாளடைவில் திசுவே கெட்டிப்பட்டுவிடுகிறது. ரோசேசியா எனும், முகம் சிவந்து நிற்கும் தோல்நோய் உள்ளவர்களிடமும் இதே வீக்கம் வரும். பிரான்சின் மொர்பியான் பகுதியின் பெயரால் அதை மொர்பியான் நோய் என்பார்கள். நேரில் பார்க்காமல் உங்கள் தம்பிக்கு இதுதான் என்று நான் சொல்ல முடியாது. லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்), தசையழற்சி நோய்கள், சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் உண்டாகும் நோய்), நம் ஊரில் மறக்கக் கூடாத தொழுநோய் ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். சிறு துண்டுத் தோலை எடுத்துச் செய்யும் பயாப்சி முக்கியமாக அதற்குத்தான் உதவும்.

பதில் (இதே தொல்லை இருந்தவர்):
எனக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் ஒரு வாரத்தில் வடிந்தது. நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. பிறகு குறைந்த அளவில் ஐசோட்ரெட்டினோயின் என்ற பரு மாத்திரையும் கீட்டோடிஃபென் என்ற ஒவ்வாமை மருந்தும் கொடுத்தார்கள். மூன்று மாதம் எந்த மாற்றமும் தெரியாமல் மருந்தையே விட்டுவிட இருந்தேன். ஒரே ஜன்னலருகே, ஒரே நேரத்தில் மாதந்தோறும் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான், ஐந்தாம் மாதத்தில் மூக்கின் எலும்பு வரம்பு மீண்டும் தெரிவது புலப்பட்டது.

கேட்டவர்:
தம்பி இப்போது டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறான். ஐசோட்ரெட்டினோயினையும் சேர்த்துத் தொடங்கலாமா?

பதில் (தோல் மருத்துவர்):
கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடி, கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வரக்கூடும். மாற்றுவதென்றால் டாக்சிசைக்ளினை நிறுத்திய பிறகே, கல்லீரல், கொழுப்பு அளவுகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் தொடங்குவார். இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒரு சொல்: கருவுற்றிருக்கையில் ஐசோட்ரெட்டினோயினைத் தொடவே கூடாது. இதற்கிடையில் முகத்தின் நடுவிலிருந்து காதோரமாகக் கழுத்தை நோக்கி மென்மையாக நீவிவிடச் சொல்லுங்கள். சிலருக்கு அது காலை வீக்கத்தையாவது குறைக்கிறது.