விளக்குப் பட்டறைக் கழிவுநீரில் ஈயம்: கரி வடிப்பான் பற்றி உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். நாச்சியார்கோவில் அருகே குத்துவிளக்கு வார்க்கும் சிறு பட்டறை எங்களுடையது. வார்ப்புகளை அமிலத்தில் கழுவிய நீரைச் சோதித்தபோது செம்பு, துத்தநாகத்துடன் ஈயமும் தெரிந்தது. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் என்பதால், வாய்க்காலில் விட மனம் ஒப்பாமல் தொட்டியில் தேக்கியுள்ளோம்.

அமிலம் மிகுந்த நீரில் கரியின் பரப்பு நேர்மின்னேற்றம் பெற்று உலோக அயனிகளை விலக்கிவிடும் என்பதால், முதலில் சுண்ணாம்பு சேர்த்து, படியும் கசடை நீக்கிய பின்னரே கிளர்வூட்டிய (நுண்துளைகள் பெருகச் செய்த) கொட்டாங்குச்சிக் கரியில் வடிக்க எண்ணியுள்ளேன். (அரிசி ஆலை உமிக்கரி மலிவுதான், கிளர்வூட்டாத வெறுங்கரியில் எனக்கு நம்பிக்கை குறைவு.)

சுண்ணாம்பு சேர்க்கும்போது பிஎச் (நீரின் அமில, காரத்தன்மை) அளவை எங்கே நிறுத்துவது? ஈயம் ஏறிய கரியையும் கசடையும் யாரிடம் ஒப்படைப்பது? அடுத்து உலைப்புகை: கந்தகமேற்றிய கரி முக்கியமாகப் பாதரச ஆவியைப் பிடிக்கப் பயன்படுவது. ஆகவே, நுண்துகளாக வெளியேறும் எங்கள் உலைப்புகைக்குத் துணிப்பை வடிப்பான் போதுமா? செய்து பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.