வெள்ளிக்குள்ள வீட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க, போடலாமா?

நெல்லைப் பொண்ணு: இங்கிலாந்துல படிக்கிறேன். பிளாட்மேட்ஸ் நாலு பேரும் இந்த ஊர்ப் பொண்ணுங்க. அடுத்த வருஷத்துக்கு வீடு பார்த்ததை என்கிட்ட மூச்சே விடல. இப்ப ஒருத்தி விலகிட்டா, நீ வர்றியான்னு கேக்குறாங்க. வேண்டாம்னு ஒதுக்கினவங்களோட எப்படி இருக்கிறது? தூக்கமே வரல. யாராவது சொல்லுங்க.

திருச்சிக்காரன்: வீடு கிடக்கட்டும் தங்கச்சி, முதல்ல பழகப் பாரு. ஸ்டூடண்ட்ஸ் யூனியன்ல ஒரே ஒரு சொசைட்டில, அதாவது மாணவர் கிளப்ல, சேர்ந்து வாரம் தவறாமப் போ. பத்துல சேர்ந்தா ஒருத்தருக்கும் உன் முகம் பதியாது. பப்புக்குக் கூப்பிட்டா போ, எலுமிச்சை சோடா குடிச்சா போதும். ஆனா ரவுண்டுல சேர்ந்தா உன் முறைக்கு எல்லாருக்கும் வாங்கணும். கை இறுக்கம்னா "எனக்கு நானே வாங்கிக்கிறேன்"னு ஆரம்பத்துலயே சொல்லிடு.

கோவை அக்கா: பப் எதுக்கும்மா? முதல் குளிர்காலம் கொடுமை, டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். அப்ப நம்ம பிள்ளைங்க தான் துணை. தமிழ்ப் பிள்ளைங்களோடவே வீடு எடு.

மதுரை மைந்தன்: அக்கா சொல்றது சரி. கடுகு தாளிச்சாலே ஃபயர் அலாரம். ஹால்னு சொல்ற யூனிவர்சிட்டி ஹாஸ்டல் மொத்தமும் வெளிய நின்னு நம்மளைத் தான் முறைக்கும்.

திருச்சிக்காரன்: கிச்சன்ல பெரும்பாலும் வெப்பத்துக்கு அடிக்கிற அலாரம் தான் இருக்கும். புகைக்கு அடிக்கிறது காரிடார்ல. கதவுக்கு முட்டுக் கொடுத்து வச்சா புகை அங்க போயிடும். கதவைச் சாத்திட்டு ஜன்னலைத் திறங்க.

மதுரை மைந்தன்: வாடகைக் கொடுமை வேற. யுகேல இருக்கிற கேரண்டர், அதாவது நாம கட்டலன்னா வாடகைக்குப் பொறுப்பேத்துக்கிற ஆள், கேப்பாங்க, நமக்கு யாரு இருக்கா? ஆறு மாச வாடகையை மொத்தமா கட்ட வேண்டியது தான்.

சேலத்துக்காரி: அது பழைய நடைமுறை. 2026 மே 1-லிருந்து இங்கிலாந்துல புதுசா எடுக்கிற தனியார் வாடகை வீட்டுக்கு ஒரு மாசத்துக்கு மேல முன்வாடகை கேக்கக் கூடாது. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு வாங்க. எந்தக் கோர்ஸ்னு சொல்லல, பேச்சலர்ஸ் முதல் வருஷம்னு வச்சுக்கிறேன்.

உன்னை ஒதுக்கினாங்கன்னு முடிவு கட்டாதம்மா. இங்க பல ஊர்ல நவம்பர்லயே வீட்டுக்கு ஆள் சேர்த்துடுவாங்க. வெளிநாட்டுப் பிள்ளைங்க ஹால்லயே இருப்பாங்கன்னு அவங்களா நினைச்சுக்கிறதும் உண்டு. "என்னை ஏன் முதல்லயே கேக்கல?"னு கோபமில்லாமக் கேட்டுடு.

ஆனா பார்க்க வேண்டியது கான்ட்ராக்ட்டை. ஜாயிண்ட் டெனன்சின்னா, அதாவது எல்லாரும் ஒரே கான்ட்ராக்ட்ல சேர்ந்து கையெழுத்துப் போட்டா, ஒருத்தி வாடகை கட்டலன்னாலும் அந்தப் பாக்கியை உன்கிட்டயே கேக்கலாம். கேரண்டர் கையெழுத்தும் மொத்த வீட்டுக்கும் சேர்த்து இருக்கலாம், "இவ பங்குக்கு மட்டும்"னு எழுதச் சொல்லு. ஹோல்டிங் டெபாசிட், அதாவது வீட்டைப் பிடிச்சு வைக்கக் கொடுக்கிற முன்பணம், ஒரு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா கொடுத்துட்டு நீயா விலகினா அது போச்சு. பெரிய டெபாசிட் அஞ்சு வார வாடகைக்குள்ள இருக்கணும், அதை 30 நாளுக்குள்ள பாதுகாப்புத் திட்டத்துல போட்டாகணும். நாலு பேரும் முழுநேர மாணவர்களான்னும் பாரு, ஒருத்தி இல்லன்னாலும் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி, வந்துடும்.

நெல்லைப் பொண்ணு: பிஎஸ்சி முதல் வருஷம் அக்கா. ஜாயிண்ட்னு தான் போட்டிருக்கு. கேரண்டருக்கு யாருமே இல்ல.

சேலத்துக்காரி: சில யூனிவர்சிட்டிகளே கேரண்டரா நிக்கும், அக்காமடேஷன் ஆபீஸ்ல கேளு. ஸ்டூடண்ட்ஸ் யூனியன் அட்வைஸ் சென்டர்ல கான்ட்ராக்ட்டை இலவசமாப் படிச்சுச் சொல்வாங்க. நாளைக்கே அனுப்பு, வியாழன் வரைக்கும் வைக்காத. ஈவிசா ஷேர் கோடும் (உன் ஆன்லைன் விசாவைக் காட்டுற எண்) எடுத்து வை, வீட்டுக்காரர் கேப்பார்.