ஹாப்ஸ் மணம் தூக்கலான ஏல்: எப்போது பாட்டிலில் அடைப்பது?

கேள்வி

வணக்கம். ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலாக இருக்கும் பேல் ஏல் (வெளிர் நிற பியர் வகை) ஒன்றை 20 லிட்டர் அளவில் தயாரித்து வருகிறேன். நாலரை கிலோ பேல் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) அரை கிலோ கிரிஸ்டல் மால்ட்டும் சேர்த்ததில் தொடக்க அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று கொண்டு) 1.056 வந்தது. ஒரு மணி நேரக் கொதிப்பின் தொடக்கத்தில் 30 கிராம் சென்டென்னியல் ஹாப்ஸும், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பாக 60 கிராம் கேஸ்கேட் ஹாப்ஸும் இட்டேன். ஈஸ்ட், யுஎஸ்-05. நொதித்தல் அடங்கி அடர்த்தி 1.014-இல் நிலைத்தது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் 100 கிராம் சிட்ரா ஹாப்ஸைப் போட்டேன். இப்போது ஏர்லாக்கில் (காற்றை உள்ளே விடாமல் வாயுவை வெளியேற்றும் அடைப்பு) மறுபடியும் குமிழ்கள் வருகின்றன, அடர்த்தியும் 1.012 ஆகிவிட்டது. கிருமி ஏதும் புகுந்துவிட்டதா? மணம் போவதற்குள் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருக்கிறது. செய்முறையிலும் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

முதல் பதில்

புளிப்போ மேலே ஏடு போன்ற படலமோ இல்லையென்றால் கிருமியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஹாப்ஸிலேயே மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் சிறிதளவு உண்டு. கொதிக்கும் மால்ட் சாற்றில் இடும்போது அவை அழிந்துவிடுகின்றன. நொதித்தலுக்குப் பின் போடும் ஹாப்ஸில் அவை உயிர்ப்புடன் இருப்பதால், ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் மிஞ்சிக் கிடந்த டெக்ஸ்ட்ரின்களை (மாவுச்சத்தின் துண்டுகள்) உடைத்து, உண்ணத்தக்க சர்க்கரையாக மாற்றித் தருகின்றன. அடியில் படிந்திருந்த ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று: பிரவுன், மாரிஸ் என்ற இருவர் 1893-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். கைநிறைய ஹாப்ஸைக் கொட்டும் பழக்கம் பரவிய பிறகுதான் மறுபடி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.

ஆகவே, ஹாப்ஸ் போடுவதற்கு முன் எடுத்த 1.014 என்ற அளவை இனி மறந்துவிடுங்கள். பாட்டிலுக்குள் அடர்த்தி 0.001 குறைந்தால், பியரின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக உண்டாகும். நீங்கள் இப்போதே அடைத்து, பிறகு 0.004 இறங்கினால், பாட்டிலில் வாயு உண்டாவதற்காக நீங்கள் இடும் சர்க்கரையின் வாயுவோடு, பியரின் கொள்ளளவைப்போல் இன்னும் இரண்டு மடங்கு வாயு சேரும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் அதைத் தாங்கும் என்று நம்பி வீட்டில் வைக்கக் கூடாது. கலத்தை 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்து, அளவு அசையாமல் நின்றால் மட்டும் அடையுங்கள். ஏர்லாக்கை நம்பாதீர்கள், அறை சற்று வெப்பமானாலே கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழ் விடும். ஒளி விலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் ஆல்கஹால் கலந்த பிறகு தவறாகக் காட்டும், திரவத்தில் மிதந்து அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரே வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இந்த மறுநொதித்தலில் டையசெட்டைல் என்ற வெண்ணெய் வாசனை மறுபடி எழக்கூடும். ஒரு சிறு குவளையில் மாதிரி எடுத்து மூடி, 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். சூடாக்காத மாதிரியில் இல்லாத வெண்ணெய் வாசனை இதில் வந்தால், ஈஸ்ட்டின் வேலை இன்னும் முடியவில்லை.

இரண்டாம் பதில்

செய்முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரை கிலோ கிரிஸ்டல் மால்ட் இந்த வகை ஏலுக்கு மிகை. அதன் கேரமல் இனிப்பு சிட்ராவின் பழ மணத்தை மூடிவிடும். 150 கிராம் போதும், குறையும் எடையைப் பேல் மால்ட்டால் ஈடு செய்யுங்கள். கசப்புக்கான 30 கிராம் சென்டென்னியல் சரியான அளவுதான். ஆனால் கேஸ்கேடைக் கொதிப்பில் இடுவதைவிட, அடுப்பை அணைத்துச் சாறு 80 டிகிரிக்கு இறங்கிய பிறகு இட்டு இருபது நிமிடம் ஊறவிடுவது நல்லது. அந்த வெப்பத்தில் ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறுவது மிகவும் மெதுவாகிவிடும், மண எண்ணெய்களும் ஆவியோடு அவ்வளவாகப் போகாது. தண்ணீரில் சல்பேட் குறைவாக இருந்தால் சிறிது ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) சேர்க்கலாம். கசப்பு தெளிவாக, வறட்சியாக முடியும். இது என் நாவின் விருப்பம், கட்டாயமில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. வெண்ணெய் வாசனை இல்லை. காத்திருக்கும் நாட்களில் மணம் போய்விடாதா? கலத்தைக் குளிர்வித்து நொதித்தலை நிறுத்திவிட்டு அடைத்தால் என்ன? சர்க்கரை எவ்வளவு இட வேண்டும்?

மூன்றாம் பதில்

குளிர்விப்பதால் அடர்த்தி இறங்குவது நின்றதுபோல் தோன்றும், அவ்வளவுதான். பாட்டில்கள் அறை வெப்பத்துக்கு வந்ததும் நொதிகளும் ஈஸ்ட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அடர்த்தி நிலைத்த பிறகு, ஹாப்ஸ் தூள் படியட்டும் என்று குளிர்விப்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யலாம். மணத்தின் முதல் எதிரி ஆக்சிஜன், சில நாள் காத்திருப்பு அன்று. ஈஸ்ட் உயிர்ப்புடன் இருக்கும் கலத்தில் பியர் பத்திரமாகவே இருக்கிறது. அடிக்கடி மூடியைத் திறப்பதும், சலசலவென்று ஊற்றி மாற்றுவதும்தான் ஒரு மாதத்துக்குள் அதை அட்டைப்பெட்டி வாசனைக்குக் கொண்டுபோகும். குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொடும்படி வைத்து நிரப்புங்கள்.

சர்க்கரைக் கணக்கு இது. கொள்ளளவைப்போல் 2.4 மடங்கு வாயு இருந்தால் இந்த ஏலுக்கு நிறைவு. 20 டிகிரியில் நின்ற பியரில் ஏற்கெனவே 0.85 மடங்கு கரைந்திருக்கும். மீதி 1.55 மடங்குக்கு, மடங்கு ஒன்றுக்கு லிட்டருக்கு 4 கிராம் வீதம், லிட்டருக்கு 6.2 கிராம் வெள்ளைச் சர்க்கரை வேண்டும். வண்டல் போக 18 லிட்டர் கிடைத்தால் சுமார் 112 கிராம். சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கில் நிரப்பி மற்றவற்றோடு வையுங்கள். அதைத் தினமும் அழுத்திப் பார்த்து, விரலுக்கு அமுங்காத அளவு இறுகியதும், ஒன்றைத் திறந்து வாயு போதுமா என்று பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடலாம்.